மனச்சோர்வும் தற்கொலை அபாயமும்: உயிரியல் குறிகாட்டிகள் சொல்வதும் சொல்லாததும்

நெஞ்சு வலியுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் குருதியில் ட்ரொபோனின் எனும் புரதம் எவ்வளவு உள்ளது என்பதை இன்று சில மணித்தியாலங்களுக்குள் அறிந்துகொள்ள முடிகின்றது. இதயத் தசை சேதமடைந்திருப்பின் அப்புரதம் குருதியில் கலந்து உயரும். நோயாளி தன் வலியை மிகைப்படுத்திச் சொன்னாலும் மறைத்தாலும் குருதி தன் சாட்சியத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால், கடுமையான மனச்சோர்வுடன் வைத்தியர் முன் அமர்ந்திருக்கும் ஒருவர் அடுத்து வரும் நாட்களில் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளும் அபாயத்தில் இருக்கின்றாரா என்ற கேள்விக்கு அத்தகைய சாட்சியம் எதுவும் இல்லை. அங்கு வைத்தியர் நோயாளியின் வாய்மொழியையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

வாய்மொழியோ எப்போதும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. வைத்தியசாலையில் தங்கியிருந்தபோதோ வீடு திரும்பிய உடனடுத்த நாட்களிலோ தற்கொலையால் உயிரிழந்த 76 பேரின் மருத்துவக் குறிப்பேடுகளைப் பரிசீலித்த ஓர் ஆய்வு 2003இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியானது. தற்கொலை எண்ணம் பற்றி இறுதியாகக் கேட்கப்பட்டபோது, தமக்கு அப்படியொன்றும் இல்லை என்று கூறியவர்கள் 78 சதவீதத்தினர் என அது காட்டியது. வெட்கம், வீட்டாரை வருத்தக்கூடாது என்ற நினைப்பு, வைத்தியசாலையில் தடுத்து வைக்கப்படுவோம் என்ற அச்சம், சில வேளை முடிவு செய்துவிட்டவரின் அமைதி என மறைப்பதற்கான காரணங்கள் பலவாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஆண்டொன்றுக்கு 7 இலட்சத்து 20 ஆயிரத்திற்கும் அதிகமானோர் தற்கொலையால் உயிரிழக்கின்றனர். நாவு மறைப்பதை உடல் காட்டிக்கொடுக்குமா என்ற கேள்வியை மருத்துவ உலகம் அரை நூற்றாண்டாகக் கேட்டு வருவதன் பின்னணி இதுவே. அக்கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளையும், அவ்விடைகள் நம் வீடுகளுக்கு எதைச் சொல்கின்றன என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

மனச்சோர்வு மட்டும் காரணமா?

முதலில் ஒரு தெளிவு அவசியம். தற்கொலையால் உயிரிழப்போரில் பெருந்தொகையினர் மனச்சோர்வினால் பாதிக்கப்பட்டவர்கள் என்பது உண்மை. ஆனால் மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் தற்கொலையால் மரணிப்பதில்லை. அவர்களுள் 15 சதவீதத்தினர் அவ்வாறு இறக்கின்றனர் என்றொரு கணக்கு பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. கடும் நோயால் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்களை வைத்து எழுந்த அக்கணக்கை 2000ஆம் ஆண்டில் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மீளாய்வு செய்தனர். உள்நோயாளரும் வெளிநோயாளரும் கலந்த தொகுதியினரில் 2 சதவீதமளவிலும், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதமளவிலும், தற்கொலை அபாயம் காரணமாகவே அனுமதிக்கப்பட்டவர்களில் 8.6 சதவீதமளவிலும் வாழ்நாளில் இவ்வாறு இறக்கின்றனர் என்பதே அவர்கள் கண்ட முடிவாகும்.

ஒரே அளவு சோர்வுற்ற இருவரில் ஒருவர் மட்டும் ஏன் மரணத்தின் பக்கம் திரும்புகின்றார்? கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் மான் குழுவினர் 347 உளநோயாளர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரை இக்கேள்வியையே மையமாகக் கொண்டது. வைத்தியர் வெளியிலிருந்து அளவிடும் நோயின் கடுமை, தற்கொலைக்கு முயன்றவரையும் முயலாதவரையும் பிரித்துக் காட்டவில்லை. மாறாக, தன் துன்பத்தை ஒருவர் எவ்வளவு பாரமாக உணர்கின்றார், வாழ்வதற்கான காரணங்களாக அவர் எவற்றைக் காண்கின்றார், உந்துதல் எழுந்த கணத்தில் அதைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அவரிடம் எவ்வளவு உள்ளது என்பனவே வேறுபடுத்தின. நோயும் நெருக்கடியும் ஒரு புறம், அந்நபரிடம் முன்பே அமைந்துள்ள ஒரு முன்சார்பு மறுபுறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அபாயம் பிறக்கின்றது என்பது அவர்களது விளக்கமாகும். உயிரியல் ஆய்வாளர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த முன்சார்பின் தடயத்தையே.

ஸ்டொக்ஹோமில் கிடைத்த முதற் தடயம்

1976ஆம் ஆண்டு சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பணியாற்றிய மேரி ஓஸ்பெரி என்ற உளமருத்துவரும் அவரது சகாக்களும் மனச்சோர்வுற்ற 68 நோயாளர்களின் முதுகுப்புறத்தில் ஊசி செலுத்தி மூளைய முண்ணாண் பாய்பொருளைச் சேகரித்தனர். மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் இத்தெளிந்த திரவத்தில் அவர்கள் அளவிட்டது, 5-ஹைட்ரொக்ஸி இந்தோல் அசெட்டிக் அமிலம் என்ற நீண்ட பெயரைக் கொண்ட ஒரு பொருளாகும். நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் செரட்டோனின் தன் வேலை முடிந்து சிதையும்போது எஞ்சுவது இதுவே. அடுப்பில் எஞ்சிய சாம்பலைக் கொண்டு எரிந்த விறகின் அளவை ஊகிப்பது போல, இவ்வமிலத்தைக் கொண்டு மூளையில் செரட்டோனின் எவ்வளவு பயன்பட்டது என ஓரளவு ஊகிக்கலாம்.

அவர்களது நோக்கம் தற்கொலையை ஆராய்வதாக இருக்கவில்லை. மனச்சோர்வில் உயிர்வேதியியல் அடிப்படையில் உட்பிரிவுகள் உண்டா என்பதையே அவர்கள் அறிய முற்பட்டனர். நோயாளர்கள் இரு தொகுதியினராகப் பிரிந்தனர். அமில அளவு குறைந்த தொகுதியினரிடையே தற்கொலை முயற்சிகள் மற்றத் தொகுதியினரை விடத் தெளிவாகவே அதிகமாயிருந்தன. அம்முயற்சிகள் கூடுதலான வன்மையுடனும் இடம்பெற்றிருந்தன. மனதின் மிக அந்தரங்கமான முடிவொன்று உடலின் திரவத்தில் அளவிடக்கூடிய ஒன்றுடன் தொடர்புபட்டிருப்பதை முதன்முதலாக உணர்த்திய ஆய்வுகளுள் இது ஒன்று என்பதால் உளமருத்துவ வரலாற்றில் இதற்குத் தனி இடமுண்டு.

அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1994இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு எமது நோக்கத்திற்கு இன்னும் முக்கியமானது. தற்கொலை முயற்சியின் பின் அனுமதிக்கப்பட்ட, மனநிலைக் கோளாறுடைய 92 பேரை அமில அளவின் நடுப்புள்ளியைக் கொண்டு சரிபாதியாகப் பிரித்தனர். ஓராண்டு கடந்தபோது, அளவு குறைந்த 46 பேரில் 8 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். அளவு கூடிய 46 பேரில் 3 பேர். வேறுபாடு கண்கூடு. ஆயினும் இதே எண்களை வாசகர்கள் மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும். அளவு குறைந்தவர்களுள் 38 பேருக்கு அவ்வாண்டில் அம்முடிவு நேரவில்லை. அளவு கூடியவர்கள் என்று நிம்மதி கொள்ளத்தக்கவர்களிலோ மூவர் இறந்துபோயினர். இந்த இரு வாசிப்புக்களையும் ஒருசேர மனதிற் கொள்வது இத்துறை முழுவதையும் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் எனலாம்.

செரட்டோனின் குறைவே மனச்சோர்வு என்ற எளிய சமன்பாடு பத்திரிகைகளிலும் மருந்து விளம்பரங்களிலும் பரவி நிலைத்துவிட்டது. அச்சமன்பாட்டிற்குப் போதிய ஆதாரமில்லை என 2022இல் வெளியான ஒரு விரிவான மீளாய்வு வாதிட்டு, பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஸ்டொக்ஹோம் கண்டறிவு அச்சமன்பாட்டிலிருந்து வேறானது. குறைந்த அமில அளவு, சோர்வை விட, உந்துதலை அடக்கும் ஆற்றலுடனேயே நெருங்கிய தொடர்புடையதாகத் தெரிகின்றது. பின்லாந்தில் வன்முறைக் குற்றவாளிகளை ஆராய்ந்து 1983இல் வெளியான கட்டுரையொன்று, திட்டமிட்டுக் குற்றம் புரிந்தவர்களை விட, கண நேர ஆவேசத்தில் புரிந்தவர்களிடம் இவ்வமிலம் குறைவாக இருந்ததைக் கண்டது. சவுத் கரோலைனாவின் தீவொன்றில் கட்டின்றி வாழ்ந்த ரீசஸ் குரங்குகளிடையேயும், அமிலம் குறைந்த இளம் ஆண் குரங்குகளே உயர்ந்த மரங்களில் ஆபத்தான நீண்ட தாவல்களை மேற்கொண்டன. அவையே இளவயதில் அதிகம் இறந்தன. தாயின்றி வளர்க்கப்பட்ட குட்டிகளில் இவ்வளவு குறைந்திருந்தமை இவ்வாய்வுகளில் எம்மை மிகவும் சிந்திக்க வைத்த பகுதியாகும். அப்படியாயின் பிறவியில் வந்தது எது, வளர்ப்பில் வந்தது எது?

இளமையின் காயமும் கோட்டிசோலும்

அக்கேள்வியை நோக்கி நகர்த்தும் இரண்டாவது தடயம், நெருக்கடியின்போது உடல் சுரக்கும் கோட்டிசோல் என்ற ஓமோனுடன் தொடர்புடையது. ஆபத்தொன்று நேர்கையில் மூளையின் ஹைபோதலமஸ் கபச் சுரப்பிக்கும், கபச் சுரப்பி சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரினல் சுரப்பிக்கும் ஆணையிட, கோட்டிசோல் குருதியில் உயர்கின்றது. போதுமான அளவு உயர்ந்ததும் அதுவே மூளைக்குத் திரும்பிச் சென்று ஆணையை நிறுத்துகின்றது. இந்த நிறுத்தும் பொறிமுறை ஒழுங்காக இயங்குகின்றதா எனச் சோதிப்பதற்கு, இரவில் டெக்ஸாமெதசோன் என்ற செயற்கை ஓமோனைச் சிறிதளவு கொடுத்து மறுநாள் கோட்டிசோலை அளவிடுவர். ஆரோக்கியமான உடல் ஏமாந்து தன் சுரப்பைக் குறைத்துவிடும். கடும் மனச்சோர்வுற்றோரில் ஒரு பகுதியினரிடம் அது குறைவதில்லை. அபாயம் நீங்கிய பின்னும் ஒலித்துக்கொண்டே இருக்கும் அபாய மணியைப் போல.

அமெரிக்காவின் அயோவாவில் 1978க்கும் 1981க்கும் இடையே இச்சோதனைக்குள்ளான 78 நோயாளர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த கோரியெல், ஷ்லெசர் ஆகிய இருவரும் 2001இல் தம் முடிவை வெளியிட்டனர். சோதனையில் கோட்டிசோல் குறையாத 32 பேரிடையே தற்கொலையால் இறக்கும் அபாயம் 26.8 சதவீதமெனவும், சாதாரண முடிவைப் பெற்றவர்களிடையே 2.9 சதவீதமெனவும் மதிப்பிடப்பட்டது. இத்துறையில் இவ்வளவு அகன்ற இடைவெளியைக் காட்டிய ஆய்வுகள் சிலவே. எனினும் தொகுதி சிறியது. அவகாசமோ பதினைந்து ஆண்டுகள். பதினைந்து ஆண்டுகளுக்குள் நேரக்கூடிய ஒன்றை அறிந்து, இன்றிரவு ஒருவரைத் தனியே விடலாமா என்பதை எவ்வாறு தீர்மானிப்பது?

அபாய மணி ஓயாமல் ஒலிப்பது ஏன் என்பதற்குக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விளக்கம் வந்தது. மைக்கல் மீனியும் அவரது மாணவர்களும், குட்டிகளை அதிகம் நக்கிப் பராமரிக்கும் தாய் எலிகளின் குட்டிகள் வளர்ந்த பின் நெருக்கடியை இலகுவில் தாங்குவதையும், பராமரிப்புக் குறைந்த குட்டிகளின் மூளையில் கோட்டிசோலை உணரும் வாங்கியின் பரம்பரையலகு மெதைல் எனும் சிறு இரசாயனக் கூட்டத்தால் மூடப்பட்டு அடங்கிக் கிடப்பதையும் ஏற்கனவே கண்டிருந்தனர். 2009இல் அவர்களும் குஸ்தாவோ டுரெக்கி குழுவினரும் மனித மூளையில் அதையே தேடினர். கியுபெக் மூளை வங்கியிலிருந்து, சிறுவயதில் துன்புறுத்தலுக்கு ஆளாகிப் பின் தற்கொலையால் இறந்த 12 பேர், அவ்வனுபவமின்றித் தற்கொலையால் இறந்த 12 பேர், வேறு காரணங்களால் இறந்த 12 பேர் ஆகியோரின் ஹிப்போகெம்பஸ் பகுதி ஆராயப்பட்டது. முதற் தொகுதியினரிடம் மட்டும் அப்பரம்பரையலகு கூடுதலாக மெதைலேற்றம் பெற்றிருந்தது.

பரம்பரையலகின் எழுத்துக்கள் மாறவில்லை. அவை வாசிக்கப்படும் விதமே மாறியிருந்தது. சிறுபிராயத்தில் ஒரு பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமை, அப்பிள்ளையே மறந்துவிட்டிருந்தாலும், மூளையின் கலங்களில் பல தசாப்தங்கள் பதிந்திருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். 36 மூளைகளை மட்டும் கொண்ட ஆய்வு என்பதால் இதனை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கிவிட முடியாது. ஆயினும், அடித்து வளர்க்காத பிள்ளை உருப்படாது என்று பெருமையுடன் சொல்லிக்கொள்வோர் ஒரு கணம் நின்று வாசிக்க வேண்டிய பக்கம் இது.

ஏனைய தடயங்களைச் சுருக்கமாகக் கடந்து செல்லலாம். தற்கொலைக்கு முயன்றோரின் முண்ணாண் பாய்பொருளில் அழற்சியைக் காட்டும் இன்டர்லியூகின்-6 உயர்ந்திருப்பதை சுவீடனின் லுண்ட் நகர ஆய்வாளர்கள் 2009இல் கண்டனர்; நிர்ப்பீடனத் தொகுதிக்கும் மனதிற்குமான தொடர்பு அதன்பின் பலராலும் ஆராயப்படுகின்றது. பாரம்பரியத்தின் பங்கிற்குப் பழையதும் தெளிவானதுமான சான்று 1979இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பின் தற்கொலையால் இறந்த 57 பேரின் இரத்த உறவினர் 269 பேரில் 12 பேர் அவ்வாறே இறந்திருந்தனர். ஒப்பீட்டுத் தொகுதியின் 269 உறவினரில் அவ்வாறு இறந்தோர் இருவர் மட்டுமே. இருந்தும் இதற்கெனத் தனியொரு பரம்பரையலகு இல்லை. தற்கொலைக்கு முயன்ற ஏறத்தாழ 30 ஆயிரம் பேரின் மரபுத் தகவல்களை ஐந்து இலட்சத்திற்கும் அதிகமான ஏனையோரின் தகவல்களுடன் ஒப்பிட்டு 2022இல் வெளியான சர்வதேச ஆய்வு, 7ஆம் நிறமூர்த்தத்தில் ஓரிடத்தைச் சுட்டியது; அதன் செல்வாக்கும் மிகச் சிறியதே. அத்தகவல்களில் பெரும் பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதையும், எமது மக்களைப் பற்றி அவை சொல்லக்கூடியது இன்னும் குறைவு என்பதையும் இங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இன்னும் ஒரு சோதனை இல்லை?

தற்கொலையை முன்கூட்டியே அறியும் குருதிச் சோதனை வந்துவிட்டது என்ற தலைப்புச் செய்திகள் 2013இலும் 2014இலும் உலகப் பத்திரிகைகளில் வெளியாகின. முன்னதற்கு இந்தியானா பல்கலைக்கழகத்திலும் பின்னதற்கு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் நடந்த ஆய்வுகள் ஆதாரமாயின. அவ்வாய்வுகள் பொய்யானவை அல்ல. ஆனால் அத்தகைய சோதனை எதுவும் இன்றுவரை வைத்தியசாலைகளின் வழமையான பயன்பாட்டிற்கு வரவில்லை. இதற்கான காரணம் இரசாயனத்தில் இருப்பதை விட எளிய கணக்கில் இருக்கின்றது.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். மனச்சோர்வுற்ற 10,000 பேரில் ஓராண்டில் 20 பேர் தற்கொலையால் இறக்கும் நிலையில் உள்ளனர் என்று வைத்துக்கொள்வோம். எம்மிடம் மிகச் சிறந்த சோதனையொன்று இருக்கின்றது. அபாயத்திலுள்ளவர்களில் 90 சதவீதத்தினரையும், அபாயமற்றவர்களில் 90 சதவீதத்தினரையும் அது சரியாக இனங்காண்கின்றது. அப்போது 20 பேரில் 18 பேர் பிடிபடுவர், இருவர் தவறிவிடுவர். ஆனால் மீதி 9,980 பேரில் பத்தில் ஒரு பங்கினர், அதாவது 998 பேர், அபாயத்திலுள்ளவர்கள் எனத் தவறாக முத்திரையிடப்படுவர். ஆக, முத்திரை பெற்ற 1,016 பேரில் உண்மையில் ஆபத்திலுள்ளவர்கள் 18 பேரே. அரிதாக நிகழும் ஒன்றை எதிர்வுகூற முனையும் எச்சோதனைக்கும் இந்தத் தடை உண்டு.

இது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. ஹியூஸ்டன் நகர முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் அலெக்ஸ் போகொர்னி என்ற உளமருத்துவர் 4,800 நோயாளர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1983இல் முடிவை வெளியிட்டார். கிடைத்த அளவீடுகள் அனைத்தையும் கொண்டு 803 பேர் கூடுதல் அபாயமுடையோர் என இனங்காணப்பட்டிருந்தனர். அவர்களுள் 30 பேர் தற்கொலையால் இறந்தனர். ஆனால் அக்காலப்பகுதியில் இறந்தோரின் மொத்தத் தொகை 67. பாதிக்கும் அதிகமானோர் அபாயம் குறைந்தவர்கள் என்று கருதப்பட்டவர்களே. அரை நூற்றாண்டில் வெளியான 365 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2017இல் வெளியான பகுப்பாய்வும், எதிர்வுகூறும் திறன் குருட்டு ஊகத்தை விடச் சற்றே மேலானது என்ற முடிவுக்கே வந்தது.

அத்தகைய சோதனை ஒருநாள் வரும் என்று கொண்டாலும், வேறொரு கேள்வி எழுகின்றது. குருதியறிக்கையொன்றில் அபாயம் எனப் பொறிக்கப்பட்ட இளம் பெண்ணின் திருமணப் பேச்சு என்னவாகும்? இளைஞனின் வேலைக்கான மருத்துவச் சான்றிதழ் என்னவாகும்? மனநோய்க்கு மருந்தெடுத்ததைக்கூட உறவினரிடம் மறைக்கும் சமூகம் எமது. மேலே கண்ட கணக்கின்படி, அம்முத்திரையைச் சுமக்கும் 56 பேரில் 55 பேர் அதற்கு உரியவர்களே அல்ல. இரகசியம் பேணுவதற்கான உறுதியான ஏற்பாடின்றி இத்தகைய சோதனை பொதுப் பயன்பாட்டிற்கு வருவதை நாம் வரவேற்க மாட்டோம்.

அவ்வாறாயின் இவ்வாய்வுகளால் ஆன பயன்?

நாம் காணும் பெரிய பயன் இது: மரணத்தை நாடும் மனநிலை ஈமானின் குறைபாடு மாத்திரமே என்று கூறி ஒரு நோயாளியை வாயடைக்கச் செய்வதற்கு இனி அறிவுசார் நியாயம் இல்லை. தன்னுயிரைப் போக்கிக்கொள்வது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அவ்விலக்கு உயிர்காக்கும் ஓர் அரண் என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. மனச்சோர்வினால் அனுமதிக்கப்பட்ட 371 பேரைக் கொண்டு 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சமயப் பற்றுடையோர் மற்றவர்களை விடக் குறைவாகவே தற்கொலைக்கு முயன்றிருந்தனர். ஆனால் அதே ஆய்வு காட்டிய மற்றொன்றைப் பலர் கவனிப்பதில்லை: மனச்சோர்வின் கடுமை இரு சாராரிடமும் ஒரே அளவினதாகவே இருந்தது. சமயம் அவர்களது கையைத் தடுத்தது, நோயை அகற்றவில்லை. தொழுகையை விடாத ஒருவர் தன் நெஞ்சின் இருளைச் சொல்ல வரும்போது, உமது நம்பிக்கை எங்கே போயிற்று என்று கேட்போமாயின், அவரிடம் எஞ்சியிருந்த அரணையே நாம் இடிக்கின்றோம்.

இஸ்லாமிய அறிவு மரபுக்கு இவ்வேறுபாடு புதியதன்று. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலினதும் ஆன்மாவினதும் நலன் பற்றி எழுதிய மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்ற நூலில் துக்கத்தை இரு வகையாகப் பிரித்தார். இழப்பு முதலிய அறியப்பட்ட காரணத்தால் எழுவது ஒன்று. காரணம் எதுவும் புலப்படாமலே ஒருவரை அழுத்துவது மற்றொன்று. இரண்டாவதன் மூலத்தை அவர் உடலில், குருதியின் கேட்டில் கண்டார். அக்கால மருத்துவத்தின் மொழி அது. குருதி பற்றிய அவரது விளக்கம் இன்று நிற்காது. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, காரணமற்ற துக்கத்தை நோயாளியின் குற்றமாக அன்றி உடலின் நோவாக நோக்கும் கண் அவருக்கிருந்தது. சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி இந்நூலின் ஆன்மா பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டபோதுதான் நம்மில் பலர் இதனை அறிந்தோம் என்பது வருந்தத்தக்கது.

மருத்துவத் தரப்பில் பயன் இன்னும் முழுமை பெறவில்லை. மனநிலைக் கோளாறுகளுக்கு வழங்கப்படும் லிதியம் தற்கொலையைக் குறைப்பதாக, 48 சோதனைகளை ஒன்றுதிரட்டி 2013இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. 519 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடையே நடத்தப்பட்டு 2021இல் முடிவு வெளியான சோதனையோ பயனெதையும் காணாமல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. எந்த உயிரியல் தன்மை கொண்டவருக்கு எம்மருந்து பொருந்தும் என்பதை அறிவதே குறிகாட்டி ஆய்வின் அடுத்த கட்டமாக இருக்கக்கூடும்.

இதற்கிடையில் வீட்டார் ஆய்வுகூடத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உடல் தரும் சில குறிகள் வெறுங்கண்ணுக்கே தெரிபவை. முன்னே குறிப்பிட்ட 76 பேரின் ஆய்வில், இறப்புக்கு முந்திய நாட்களில் 79 சதவீதத்தினர் கடும் பதற்றத்துடனோ நிலைகொள்ளாத தவிப்புடனோ காணப்பட்டனர். வாயினால் இல்லை என்றவர்களின் உடல் அமைதியிழந்திருந்தது. நாட்கணக்கில் நீளும் தூக்கமின்மையும் அவ்வாறே கவனத்திற்குரியது. இக்குறிகளைக் கண்டால் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதனாலேயே எண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் நம்மிடையே வலுவாக உள்ளது. நியூயோர்க் மாநிலத்தின் 2,342 உயர்நிலைப் பாடசாலை மாணவரிடையே நடத்தப்பட்டு 2005இல் வெளியான பரிசோதனை அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை எனக் காட்டிவிட்டது. தற்கொலை பற்றி வினவப்பட்டவர்களிடம் துயரம் கூடவுமில்லை, எண்ணம் அதிகரிக்கவுமில்லை.

யார் என்று அறியாமலே உயிர்களைக் காத்த முன்னுதாரணம் இலங்கையில் உண்டு. 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் உச்சத்தை எட்டியிருந்த தற்கொலை வீதம், மிகக் கொடிய விவசாய நஞ்சுகளின் இறக்குமதி அவ்வாண்டிலும் 1998இலும் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து பத்தாண்டுகளில் ஏறத்தாழ பாதியானது. 1996 முதல் 2005 வரையிலான காலத்தில், அதற்கு முந்திய பத்தாண்டுகளை விட 20 ஆயிரம் அளவிலான தற்கொலைகள் குறைந்திருந்தன. எவருடைய குருதியும் சோதிக்கப்படவில்லை. ஆவேசம் எழும் கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாதிருந்தது, அவ்வளவே. ஒரு வீட்டிலும் இதையே செய்யலாம். அபாயத்திலுள்ளவர் இருக்கும் வீட்டில் நஞ்சையும் மிகுதி மருந்துகளையும் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைப்பது வைத்தியர்கள் முதலில் கூறும் ஆலோசனையாகும்.

மற்றையது தொடர்பைத் துண்டிக்காதிருத்தல். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் சென்னையும் கொழும்பும் இடம்பெற்றிருந்தன. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினருக்கு வழமையான சிகிச்சை மட்டும் வழங்கப்பட்டது. மறு பாதியினரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து விளக்கிப் பேசினர். பின்னர் 18 மாதங்களுக்குள் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ அவர்களது நலம் விசாரித்தனர். 2008இல் முடிவு வெளியானபோது, வழமையான சிகிச்சை பெற்றோரில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோரில் 0.2 சதவீதத்தினர். இதுவரை எந்தக் குருதிக் குறிகாட்டியும் நெருங்காத வேறுபாடு இது. விசாரித்தவர்கள் அனைவரும் உளமருத்துவ நிபுணர்களாக இருக்கவேண்டியிருக்கவில்லை. தாதியரும் பயிற்சி பெற்ற பிறரும் அதைச் செய்தனர். தனக்கோ தன்னைச் சேர்ந்தவருக்கோ இவ்வெண்ணம் எழுந்திருக்குமாயின், இலங்கையில் 1926 என்ற இலக்கத்தையும் இந்தியாவில் 14416 என்ற இலக்கத்தையும் இரவு பகல் எந்நேரமும் அழைத்துப் பேசலாம். இரண்டும் கட்டணமற்றவை, தமிழிலும் பேசலாம்.